விமானத்தில் இணையம்: குமரி மாவட்டப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்துக்கென்று தனி விமான நிலையம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள திருவனந்தபுரத்தையே நம்மில் பெரும்பாலோர் நம்பியிருக்கிறோம். உள்நாட்டுப் பயணத்துக்குச் சிலர் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் போகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்ப்போரும், அவர்களைப் பார்க்கப் புறப்படும் பெற்றோரும், விமானத்தில் இணையம் கிடைக்குமா என்று கேட்கும்போது எழுகின்ற கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா செல்லும் விமானங்களில் இணையம் உண்டா?

சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. கையில் எவ்வளவு விலை உயர்ந்த கைபேசி இருந்தாலும், ஏறுகிற விமானத்தில் அதற்கான கருவி பொருத்தப்பட்டிருந்தால்தான் இணையம் வரும். எமிரேட்ஸின் போயிங் 777 போன்ற பெரிய விமானங்களில், அதாவது இருக்கைகளுக்கு நடுவே இரண்டு நடைவழிகள் உள்ள விமானங்களில், இந்த வசதியை எதிர்பார்க்கலாம். குறைந்த கட்டண நிறுவனங்கள் இயக்கும் ஒற்றை நடைவழி விமானங்களான போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகைகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏறுவது இரண்டாம் வகையில்தான் என்பதால், இணையம் இல்லை என்றே எண்ணிக்கொண்டு வீட்டிலிருந்து புறப்படுவது நல்லது, இருந்தால் ஆதாயம்.

முன்கூட்டியே அறிய வேண்டுமானால், பயணச்சீட்டு எடுக்கும்போது விமானத்தின் வகையைப் பாருங்கள்; அந்த வகையில் வசதி உண்டா என்பதை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். கடைசி நேரத்தில் விமானம் மாற்றப்பட்டால் இந்தக் கணக்கும் மாறிவிடும். காத்திருப்புக் கூடத்தின் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது இன்னொரு அடையாளமும் தெரியும். விமானத்தின் முதுகில், இறக்கைக்கு மேலேயோ சற்றுப் பின்னாலோ, நீளவாக்கில் தாழ்வான ஒரு திமில் போன்ற மேடு இருந்தால், செயற்கைக்கோள் ஆண்டெனா பெரும்பாலும் அதன் உள்ளேதான் இருக்கும். விமான உடலின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடுகள் பெரும்பாலும் விமானியின் பேச்சுத் தொடர்புக்கும் வழிகாட்டலுக்கும் உரியவை. அவற்றுக்கும் நம் இணையத்துக்கும் தொடர்பில்லை.

விமானத்துக்குள் வைஃபை கிடைத்தது. ஆனால் சினிமா மட்டுமே பார்க்க முடிந்தது, வாட்ஸாப் வரவில்லை. ஏன்?

அது இணையம் இல்லாத வைஃபை. விமானத்துக்குள்ளேயே ஒரு சிறிய கணினியில் படங்களையும் பாடல்களையும் ஏற்றிவைத்து, உங்கள் கைபேசிக்கு அனுப்புகிறார்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஏர்ஃபிளிக்ஸ், ஏர் அரேபியாவின் ஸ்கைடைம் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. விமானத்திலிருந்து வெளியுலகுக்கு எந்த இணைப்பும் இதில் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் இருக்கையின் முதுகில் வைஃபை குறியைப் பார்த்ததும் இணையம் வந்துவிட்டதாக எண்ணி, வீட்டுக்கு வீடியோ அழைப்பு தருவதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடலுக்கு மேலே பறக்கும் விமானத்துக்கு இணையம் எப்படி வருகிறது?

இரண்டு வழிகள் உள்ளன. தரையில் வானை நோக்கி அமைக்கப்பட்ட கோபுரங்களிலிருந்து விமானத்தின் வயிற்றுப் பகுதியில் உள்ள ஆண்டெனாவுக்கு அலைகளை அனுப்புவது ஒன்று. அமெரிக்காவில் 2008இல் பரவத் தொடங்கிய முறை இது. நிலப்பரப்புக்கு மேலே பறக்கும்வரை இது உதவும். திருவனந்தபுரம் விமான நிலையத்தை அடுத்த சங்குமுகம் கடற்கரையைத் தாண்டியதும் அரபிக்கடலாகிவிடும் நம் வழித்தடத்துக்கு இது பயன்படாது.

மற்றொன்று செயற்கைக்கோள் வழி. உங்கள் கைபேசி, விமானத்தின் கூரைக்குள் இருக்கும் வைஃபை பெட்டியோடு பேசுகிறது. அது முதுகிலுள்ள ஆண்டெனாவுக்குத் தருகிறது. ஆண்டெனா செயற்கைக்கோளுக்கும், செயற்கைக்கோள் தரையிலுள்ள நிலையத்துக்கும் தருகிறது. அந்த நிலையம்தான் இணையத்தோடு இணைந்திருக்கிறது. பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் (பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்துக்கு மேலே நிற்பவை) நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒரு செய்தி மேலே போய்க் கீழே இறங்குவதற்கே 72,000 கிலோமீட்டர் ஆகிறது. ஒளியின் வேகத்தில் சென்றாலும் கால் நொடி. பதிலும் வர இன்னொரு கால் நொடி. ஒரு பக்கத்தைத் தட்டியதும் அது சற்றே தயங்கித் திறப்பதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அவற்றில் இந்தத் தயக்கம் பெருமளவு குறைகிறது.

இந்த யோசனை புதியதன்று. போயிங் நிறுவனம் 'கனெக்ஷன்' என்ற பெயரில் 2004இலேயே லுஃப்தான்சா விமானங்களில் இணையத்தைக் கொண்டுவந்தது. கருவியின் எடையும் செலவும் அதிகம், பயன்படுத்தியோர் குறைவு, 2006இல் மூடிவிட்டார்கள். கையளவு கைபேசி எல்லோரிடமும் வந்துசேராத காலம் அது. மடிக்கணினி வைத்திருந்த சிலருக்காக ஒரு விமானத்தின் முதுகைத் துளைத்து ஆண்டெனா வைப்பது கட்டுபடியாகவில்லை.

இதில் நம் நாட்டுச் செயற்கைக்கோள்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு, அதில் நம் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதிவேகத் தரவுத் தொடர்புக்காக இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் வரிசையில் ஜிசாட்-29, 2018 நவம்பர் 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி மார்க்-3 ராக்கெட்டில் ஏவப்பட்டது. அந்த ராக்கெட்டின் மேல்நிலையில் எரியும் சிஇ-20 கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும்) எஞ்சின் சோதிக்கப்படும் இடம், ஆரல்வாய்மொழியைக் கடந்து காவல்கிணறு பக்கம் போகும்போது மேற்கே தெரிகிற மகேந்திரகிரி மலையடிவாரத்து இஸ்ரோ வளாகம். அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையைச் சேர்ந்தவர். 2025 ஜனவரியில் அப்பொறுப்பை ஏற்ற வி. நாராயணன் மேலகாட்டுவிளைக்காரர், கிரையோஜெனிக் எஞ்சின் துறையிலேயே வளர்ந்தவர்.

5,854 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-11 நம் ராக்கெட்டின் தூக்குதிறனுக்கு அப்பாற்பட்டது என்பதால், 2018 டிசம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 மூலம் ஏவப்பட்டது. சுமார் 4,700 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-என்2, அதே காரணத்தால் 2024 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9இல் போனது. நொடிக்கு 48 கிகாபிட் கொள்ளளவும் தரையில் தனித்தனிப் பகுதிகளுக்கு அலைகளை அனுப்பும் 32 கற்றைகளும் கொண்ட இந்தச் செயற்கைக்கோளின் நோக்கங்களில் விமானப் பயணிகளுக்கான இணையமும் ஒன்று என்று இஸ்ரோ வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

இந்தியச் சட்டம் இதை அனுமதிக்கிறதா? விமானம் ஏறியவுடனே இணையம் வருமா?

அனுமதிக்கிறது. 2018 வரை, வெளிநாட்டு விமானங்கள்கூட இந்திய வான்பரப்புக்குள் நுழைந்ததும் இணையத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான விமான, கடல்வழித் தொடர்பு விதிகள் அந்தத் தடையை நீக்கின. விமானத்துக்குள் வைஃபையைப் பயன்படுத்த விமானி அனுமதிக்கலாம் என்று 2020இல் வானூர்தி விதிகளும் திருத்தப்பட்டன.

இந்திய வான்பரப்பில் விமானம் 3,000 மீட்டர் உயரத்தை எட்டிய பிறகே இணையம் தரப்பட வேண்டும். 2024 நவம்பரில் வந்த திருத்தம், மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்த விமானத்தில் அனுமதி தரப்பட்ட பின்னரே வைஃபை வழி இணையம் என்பதையும் தெளிவாக்கியது. நடைமுறையில், மேலெழும்பிச் சில நிமிடங்கள் கழித்துத்தான் கைபேசியின் வைஃபை பட்டியலில் இணைப்பு உயிர்பெறும்; இறங்கும்போதும் ஓடுதளத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது போய்விடும். "இறங்கப் போறோம்" என்று கடைசிச் செய்தி அனுப்ப நினைப்பவர்கள் சற்று முந்திக்கொள்ள வேண்டும்.

நன்றாக வந்துகொண்டிருந்த இணையம் நடுவழியில் ஏன் நின்றுபோகிறது?

ஒரு செயற்கைக்கோளின் கற்றையிலிருந்து அடுத்ததன் கற்றைக்கு விமானம் மாறும்போது சில நிமிடங்கள் அறுந்துபோகலாம். அதைவிட முக்கியமான காரணம் உரிமம். ஒவ்வொரு நாடும் தன் வான்பரப்பில் யார் இணையம் தரலாம் என்பதைத் தானே தீர்மானிக்கிறது. இந்திய விதிகளின்படி, இந்திய வான்பரப்பில் செல்லும் தரவு இந்திய மண்ணிலுள்ள நிலையம் வழியாகப் போக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத நிறுவனத்தின் இணைப்பு, வளைகுடாவில் நன்றாக இருந்துவிட்டு இந்தியாவை நெருங்கும்போது நின்றுபோவது வியப்பன்று. பணிப்பெண்ணிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

முந்நூறு பேருக்கு மேல் அமர்ந்திருக்கும் ஒரு விமானத்துக்கு வருவது ஒரே இணைப்பு. தெருவில் உள்ள ஒரே குழாயில் ஊரே குடம் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். பழைய வகைக் கருவிகளில் எழுத்துச் செய்தி போகும், மின்னஞ்சல் போகும். வீடியோ சுழன்றுகொண்டே இருக்கும். கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் தோஹா–லண்டன் வழியில் போயிங் 777இல் ஸ்டார்லிங்கைத் தொடங்கி, அதைப் பயணிகளுக்குக் கட்டணமின்றித் தந்தது. எமிரேட்ஸும் 2025 நவம்பரில் ஸ்டார்லிங்கைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. அத்தகைய விமானம் வாய்த்தால் வேகத்தைப் பற்றிய குறையே இருக்காது.

கட்டணம் எவ்வளவு? வீட்டிலிருந்து கொண்டுபோகும் வங்கி அட்டையில் செலுத்தலாமா?

நிறுவனத்துக்கு நிறுவனம், விமானத்துக்கு விமானம் கட்டணம் வேறுபடும். பணம் கொடுப்பதற்கு முன் இலவசமாக என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே சரி. எமிரேட்ஸில் ஸ்கைவார்ட்ஸ் என்ற பயணிகள் சலுகைத் திட்டத்தின் உறுப்பினர்களுக்கு எழுத்துச் செய்தி இலவசம். உறுப்பினராவதற்கும் பணம் வேண்டாம். வீட்டில் இருக்கும்போதே உறுப்பினர் எண்ணைப் பெற்று, முன்பதிவோடு சேர்த்துவிடுங்கள். இலவசச் செய்தி என்றால் பொதுவாக எழுத்து மட்டுமே. புகைப்படமும் குரல்பதிவும் போகாது. நான்கு மணி நேரப் பயணத்துக்கு இது தாராளம் என்பதே என் கருத்து.

பணம் செலுத்துவதில்தான் நம்மவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். இந்திய வங்கி அட்டையில் செலுத்தினால் பெரும்பாலும் ஓடிபி கேட்கும். ஓடிபி குறுஞ்செய்தியாக வரும். கைபேசியோ ஃபிளைட் மோடில் இருக்கிறது, குறுஞ்செய்தி வராது. மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்பும் வங்கியாக இருந்தாலும், மின்னஞ்சலைத் திறக்கவே இணையம் வேண்டுமே! ஓடிபி கேட்காத சில சர்வதேச அட்டைகள் தப்பித்துக்கொள்ளும். மற்றவர்கள், முன்கூட்டியே வாங்கும் வசதியை நிறுவனம் தந்தால், தரையில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

உள்ளே நுழையும் பக்கத்தில் 'கடைசிப் பெயர்' கேட்கிறது. எனக்கு இன்ஷியல் மட்டும்தானே உண்டு?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரியது. முன்பதிவு எண்ணையும் கடைசிப் பெயரையும் தந்தால்தான் ஏர் இந்தியா போன்ற நிறுவனங்களின் இணைய வாயில் திறக்கும். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் சிலருக்குக் காலியாக இருக்கும், சிலருக்கு அதில் தந்தை பெயர் இருக்கும். பயணச்சீட்டு எடுத்தவர் அந்தக் கட்டத்தில் எதைப் போட்டாரோ அதுதான் உங்கள் கடைசிப் பெயர். சில சமயம் உங்கள் சொந்தப் பெயரே இரண்டு முறை அச்சாகியிருக்கும். எனவே பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் பயணச்சீட்டைப் பாருங்கள். அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, தட்டச்சு செய்யுங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கம் தந்தது. இணையத்தை விடப் பெரிய சிக்கல் இது. பெற்றோருக்குச் சீட்டு எடுப்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

வாட்ஸாப்பில் பேசலாமா?

பல நிறுவனங்கள் குரல் அழைப்பைத் தொழில்நுட்ப வழியிலேயே தடுத்துவைத்திருக்கின்றன. தடுக்காத நிறுவனங்களிலும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். அருகில் இருப்பவர் உறங்கிக்கொண்டிருப்பார். அமீரகத்தில் இறங்கிய பின்னும் வாட்ஸாப் குரல் அழைப்பு வேலை செய்யாது என்பதை முதல்முறை போகும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அங்கே போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதை ஊரிலேயே நிறுவிக் கொடுத்தனுப்புங்கள்.

வைஃபை வாங்கவேயில்லை, ஆனாலும் பெரிய தொகைக்கு பில் வந்தது. எப்படி?

இது கவனமாகப் படிக்க வேண்டிய விடை. சில பெரிய விமானங்களில் வைஃபை தவிர, கைபேசிக்கான சிறு கோபுரம் ஒன்றும் உள்ளே உண்டு. ஏரோமொபைல் என்பது அதில் பெயர் பெற்ற சேவை. எமிரேட்ஸ் விமானத்தில் 2008 மார்ச்சிலேயே அனுமதி பெற்ற முதல் வான்வழிக் கைபேசி அழைப்பு இதன் மூலம் நடந்தது. உங்கள் கைபேசி ஃபிளைட் மோடில் இல்லாமல், சர்வதேச ரோமிங்கும் டேட்டா ரோமிங்கும் திறந்திருந்தால், அது தானாகவே இந்தச் சிறு கோபுரத்தோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் உறங்கினாலும் கைபேசி உறங்காது. புகைப்படங்களை மேகக்கணினிக்கு ஏற்றும், செயலிகளைப் புதுப்பிக்கும். சாதாரண வெளிநாட்டு ரோமிங் கட்டணத்தைவிட வான்வழிக் கட்டணம் மிகக் கூடுதல். அமீரகத்தில் ரோமிங் மலிவு என்று எடுத்த பேக்கில் விமானம் சேராமல் இருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உண்மையிலேயே பேசியாக வேண்டிய தேவை இருப்பவர்களுக்கென்று ஜியோ 2020இலும் ஏர்டெல் 2024இலும் விமானப் பேக்குகளைக் கொண்டுவந்தன. ஏர்டெல் அறிவித்தபோது 195 ரூபாயில் 24 மணி நேரப் பேக் இருந்தது. அதை எடுக்காதவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: ஃபிளைட் மோடைப் போட்டுவிட்டு, பிறகு வைஃபையை மட்டும் தனியே திறப்பது.

ஃபிளைட் மோடு உண்மையிலேயே தேவையா?

தேவைதான், ஒரு கைபேசியால் விமானம் விழுந்துவிடாது என்றாலும். உயரத்திலிருக்கும் கைபேசிக்கு ஒரே நேரத்தில் பல தரைக் கோபுரங்கள் தெரியும். வேகமாகக் கடந்துகொண்டே எல்லாவற்றோடும் இணைய முயன்று, தரை வலையமைப்பைக் குழப்பும். அமெரிக்கா 1991இல் வான்வழிக் கைபேசிப் பயன்பாட்டைத் தடை செய்ததற்கு இதுவே பெரிய காரணம். கோபுரம் கிடைக்காதபோது கைபேசி முழுச் சக்தியோடு தேடும், பேட்டரியும் தீரும். ஃபிளைட் மோடில் வைத்துக் கருவிகளைப் பயணம் முழுவதும் பயன்படுத்தலாம் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2014இல் அனுமதித்தது.

பிள்ளை விமானத்தில் இருக்கிறான், செய்தி வரவில்லை. எங்கே போகிறான் என்று வீட்டிலிருந்து எப்படி அறிவது?

அவனுடைய இணையம் இதற்குத் தேவையே இல்லை. விமான எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் தட்டினால், விமானம் வரைபடத்தில் நகர்வதைக் குளச்சலில் இருந்தபடியே பார்க்கலாம். விமானம் தன் இருப்பிடத்தைத் தானே வானொலி அலைகளில் அனுப்பிக்கொண்டே போகிறது. தரையிலுள்ள வாங்கிகள் அதைப் பிடித்துத் தருகின்றன. அந்த வாங்கிகளின் எல்லை சுமார் 400 கிலோமீட்டர். ஆகவே அரபிக்கடலின் நடுவே சற்று நேரம் விமானம் வரைபடத்திலிருந்து மறையலாம், அல்லது கணித்த பாதையில் மட்டும் காட்டப்படலாம். ஓமான் கரையை நெருங்கும்போது மீண்டும் தெரியும். "மக்களே, பிளேன காணல்லியே" என்று பதறி உறவினர்களை எல்லாம் எழுப்ப வேண்டியதில்லை.

விமான வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

தவிர்ப்பது நல்லது. வங்கிச் செயலிகள் தரவை மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. ஆனாலும் நீங்கள் சேர்ந்தது உண்மையான விமான வைஃபைதானா என்ற கேள்வி இருக்கிறது. விமானத்தில் அதே பெயரில் போலி வைஃபையை உருவாக்கி, பயணிகளின் மின்னஞ்சல், சமூக ஊடகக் கடவுச்சொற்களைத் திருடியதாக ஒருவர் மீது 2024இல் ஆஸ்திரேலியக் காவல்துறை வழக்குத் தொடுத்தது. விமான வைஃபை முன்பதிவு எண்ணையோ இருக்கை எண்ணையோ கேட்கலாம். உங்கள் கூகுள், ஃபேஸ்புக் கடவுச்சொல்லைக் கேட்டால் உடனே வெளியேறுங்கள்.

உள்நாட்டு விமானங்களில்?

2025 ஜனவரி 1 முதல் ஏர் இந்தியா தன் ஏ350, போயிங் 787-9 விமானங்களிலும் தேர்ந்தெடுத்த ஏ321நியோ விமானங்களிலும் உள்நாட்டு வழிகளில் வைஃபை தரத் தொடங்கியது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் சிறு விமானங்களில் எதிர்பார்க்க வேண்டாம்; ஒன்றரை மணி நேரம்தானே.

இணையம் இருக்கும் என்று நம்பி எதையெல்லாம் தள்ளிவைக்கக் கூடாது?

விசா நகல், திரும்பும் பயணச்சீட்டு, அழைத்துச் செல்ல வருபவரின் எண், தங்கும் இடத்தின் முகவரி ஆகிய நான்கும் வாட்ஸாப்பில் எங்கோ ஓர் உரையாடலுக்குள் கிடக்கக் கூடாது. கைபேசியின் கோப்புகளில் இறக்கி வையுங்கள். வயதானவர்களுக்குக் காகிதத்தில் அச்சிட்டுக் கைப்பையில் கொடுங்கள். துபாய் விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு, ஆனால் குடியேற்ற வரிசையில் நின்றுகொண்டு அதைத் தேடுவது சிரமம்.

பவர் பேங்க் வைத்துக்கொண்டு போகலாமா?

கைப்பையில் மட்டுமே, சரக்காகப் போடும் பெட்டியில் கூடாது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் 100 வாட்-மணி (Wh, மின்கொள்ளளவின் அலகு) அளவுக்குக் குறைவான ஒன்றை மட்டும் அனுமதிக்கிறது. அதையும் விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது, இருக்கைக்கு மேலே உள்ள பெட்டியிலும் வைக்கக் கூடாது. இருக்கையில் யுஎஸ்பி துளை இருந்தால் கம்பி வழியாக மின்னேற்றிக்கொள்ளலாம். கம்பியை மறக்காமல் கைப்பையில் எடுத்து வையுங்கள்.